வந்த தேதியைக் கேட்பதை விட்டு, வாடகை வீடு கட்டட்டும்

மும்பையில் ஏழைகளுக்கு வீடு என்று பேச்செடுத்தால், அரசு கேட்கும் முதல் கேள்வி "எந்தத் தேதிக்கு முன்னால் வந்தாய்?" என்பதாகவே இருக்கிறது. 1995-ல் எஸ்.ஆர்.ஏ. எனப்படும் குடிசைப்பகுதி மறுவாழ்வு ஆணையம் உருவானபோது அந்தத் தேதி 1995 ஜனவரி 1. பிறகு அது 2000 ஜனவரி 1 ஆயிற்று. அதற்குப் பின் 2011 வரை வந்தவர்களுக்குப் பணம் கட்டினால் வீடு என்றார்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்நகரத்து மக்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் குடிசைப்பகுதிகளில்தான் வாழ்கிறார்கள். அவர்களுள் வாடகைக்குக் குடியிருப்போர் எத்தனையோ பேர். வீட்டுக் கொள்கை அவர்களைக் குடிமக்களாகவே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் என் நெடுநாள் வருத்தம்.

தாராவியில் எங்கள் சந்தில், தரைத்தளத்துக் கோலியின் (ஒற்றை அறை வீட்டின்) மேல் தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய ஒரு மாடி அறை இருக்கிறது. வெளியே செங்குத்தாகச் சாத்திய இரும்பு ஏணியில், பிடித்து ஏறுவதற்கென்று தொங்கவிட்ட கயிற்றைப் பற்றிக்கொண்டுதான் அதற்குள் போக முடியும். அங்கே வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்மணி விடியற்காலையில் இட்லி அவித்து முடிப்பார். அவருடைய கணவர் அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சயான், மாட்டுங்கா பக்கம் விற்கப் போவார். மழை நனைக்காதபடி பாலிதீன் பையில் சுற்றி ஆணியில் மாட்டியிருக்கும் அவர்களுடைய காகிதக் கட்டை அண்மையில் பிரித்துப் பார்த்தேன். ஆதார் அட்டையில் ஊர் முகவரி, ரேஷன் அட்டையும் ஊரில். பதிவு செய்யாத பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் ஒன்று, அதுவும் காலாவதியாகிவிட்டது. "கரண்ட் பில்லு ஓனர் பேர்லல்லா வருது அண்ணாச்சி, எங்க பேரு எங்க இருக்கு?" என்று அந்தப் பெண்மணி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளிக்கும் இந்த நகரத்துக்கும் இடையிலான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நடைபாதைவாசிகளை அகற்றுவதை எதிர்த்துத் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் மனுதாரர்களுள் ஒருவர் சேலத்திலிருந்து 1961-ல் வந்த நிலமற்ற தொழிலாளி. வறட்சியால் ஊரில் வேலை போயிற்று. தஹிசரில் ஒரு ரசாயன ஆலையில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி. நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய ஒரு மறைவுக்கு அவரிடம் 2,500 ரூபாய் பிடுங்கினார்கள். 1981 ஜூலையில் மாநகராட்சி அதை இடித்து, குடும்பத்தையே சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றிவிட்டது. அவர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வேலை தேடித் திரும்பி வந்து, மறுபடியும் நடைபாதையிலேயே குடியேறினார். 1985-ல் வந்த தீர்ப்பு, வாழும் உரிமையில் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று சொன்னது. ஆயினும் முறையான அறிவிப்புக் கொடுத்து நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்றும் அனுமதித்தது. வேலை இருக்கும் இடத்துக்கு மனிதன் வந்தே தீருவான் என்பதற்கு அவர் திரும்பி வந்ததைவிட வேறு சான்று தேவையில்லை. அப்படி வருகிறவன், தன் கூலிக்குத் தாங்கும் வாடகையில் எங்கே தங்குவான் என்ற கேள்வியைத்தான் அரசு இன்றுவரை தள்ளிப்போட்டு வருகிறது.

ஒரு காலத்தில் அரசே இதைச் செய்தது. 1920-களில் பம்பாய் வளர்ச்சித் துறை வொர்லி, நாய்காம், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் பி.டி.டி. சால்கள் எனப்படும் 207 கட்டடங்களைக் கட்டித் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டது. 160 சதுர அடி அறை, தளத்துக்குப் பொதுக் கழிப்பறை என்று அவை வசதி குறைந்தவைதாம். ஆனாலும் கூலிக்காரன் நகரத்தின் நடுவில், வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் வாழ முடிந்தது. 1947-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1940-ம் ஆண்டு வாடகையையே பழைய கட்டடங்களில் உறையவைத்தது. இருந்தவர்களுக்கு அது பாதுகாப்பாக அமைந்தாலும், தனியார் யாரும் எளியவர்களுக்கு வாடகை வீடு கட்ட முன்வரவில்லை. புதிதாகக் குடிவருகிறவரிடம் முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் பாகடிப் பணம் புழங்கத் தொடங்கியது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய அரசு பின்வாங்கிக்கொண்டது. 2008-ல் எம்.எம்.ஆர்.டி.ஏ. எனப்படும் மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையம் 160 சதுர அடி வீடுகளோடு ஒரு வாடகைக் குடியிருப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது எனக்கு நம்பிக்கை பிறந்தது. சில ஆண்டுகளில் அந்த நோக்கமும் கைவிடப்பட்டது.

இப்போது நடப்பது எஸ்.ஆர்.ஏ. வழி. பில்டர் குடிசைவாசிக்கு இலவச வீடு கட்டித் தர வேண்டும். அதற்கு ஈடாக அதே நிலத்தில் கூடுதலாகக் கட்டி வெளிச்சந்தையில் விற்றுக்கொள்ளலாம். அரசின் கையிலிருந்து பணம் போகாது. வீட்டின் அளவு 225 சதுர அடியிலிருந்து 269, பின் 300 என்று உயர்ந்தது உண்மை; அதனால் பயனடைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும், அவர்கள் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நிலத்துக்கு விலை ஏறும் இடத்தில்தான் இந்தக் கணக்கு ஓடும். வீட்டு விற்பனை மந்தமானால் வேலை நின்றுவிடும். குடும்பங்கள் டிரான்சிட் கேம்ப் என்னும் தற்காலிகக் குடியிருப்பில் ஆண்டுக்கணக்காகக் காத்துக் கிடக்கும். எல்லாம் சரியாக நடந்தாலும், வாடகைக்கு இருந்தவனுக்கு மிஞ்சுவது வேறு ஒரு சந்தில் வேறு ஒரு மாடி அறைதான்.

அரசு நில உரிமையாளராகவே இருந்து, கட்டி, வாடகைக்கு விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பராமரிப்பு கெட்டுப்போகும் என்ற எதிர்வாதம் நியாயமானது, பி.டி.டி. சால்களில் வாடகையைப் பெயரளவுக்கு வைத்துக்கொண்டு பழுதுபார்க்காமல் விட்டதன் விளைவைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். குடும்ப வருமானத்தில் இவ்வளவு பங்கு என்று வாடகையை நிர்ணயித்து, அதில் ஒரு பகுதியைப் பழுதுபார்ப்புக்கென்றே ஒதுக்கினால் அதைத் தவிர்க்கலாம். கொரோனா ஊரடங்கில் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பிய பிறகு, 2020 ஜூலையில் மத்திய அரசே நகர்ப்புற வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. ஆக, தேவை என்னவென்று தில்லிக்கும் தெரிந்தே இருக்கிறது.

தாராவி மறுசீரமைப்பில் மாடியில் இருப்பவர்களையும் சேர்த்தே 2024 மார்ச்சில் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். எஸ்.ஆர்.ஏ. திட்டங்கள் வழக்கமாகச் செய்யாத காரியம் அது, வரவேற்கிறேன். ஆனால் 2000-க்கு முன்பிருந்த தரைத்தளக்காரர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவச வீடு. மாடிக்காரர்களுக்கோ தாராவிக்கு வெளியே, வாடகைத் தவணையில், அதாவது மாதாமாதம் கட்டிக் கடைசியில் சொந்தமாக்கிக்கொள்ளும் முறையில், 300 சதுர அடி. முலுண்ட், காஞ்சுர்மார்க் உப்பளங்கள் வரை இதற்கென நிலம் தேடுகிறார்கள். விடிவதற்குள் சயானில் இட்லி விற்றாக வேண்டியவர், சைக்கிளில் முலுண்டிலிருந்து வர முடியாது. தாராவியின் பெரும்பகுதி பொது நிலம். அதில் ஒரு பங்கை விற்பனைக் கட்டடங்களுக்குக் கொடுக்குமுன் வாடகை வீடுகளுக்கென்று ஒதுக்கி, கணக்கெடுப்பில் ஒவ்வோர் அறைக்கும் உரிமையாளர் பெயரோடு உள்ளே வாழ்கிறவரின் பெயரையும், ஊர் முகவரி ஆதாரைக் காரணம் காட்டித் தள்ளாமல், எழுதிக்கொள்ள வேண்டும். இதை எங்கள் சந்துக்காரர்கள் மனுவாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். வாடகைக்கு இருப்பவர்கள் தயங்காமல் வந்து பெயர் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.