முதுகில் வீட்டைச் சுமந்துகொண்டு சான் ஹுவான் மலைகளில் ஐந்து இரவுகள்

வாடகைக்கு எடுத்த டிரக் கேம்பரைத் திருப்பிக் கொடுத்து இரண்டு நாள்கள் ஆகின்றன. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஒரு டயரின் பக்கச்சுவரில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு இருந்தது, அது எங்களால் ஏற்பட்டதுதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு அச்சில் ஒரே தேய்மானமுள்ள டயர்கள்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, இரண்டு புதிய டயர்களுக்கும் சேர்த்து 590 டாலரை முன்பணத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பென் மரக்கிளைகள் உரசிய கீறல்களுக்கு மேலும் 120 டாலர். மலைக்காட்டுப் பாதையில் போவதற்கென்றே விளம்பரப்படுத்தி வாடகைக்கு விடப்படும் வண்டியில் மரக்கிளை உரசிய கீறல் விழக்கூடாது என்றால், அந்த விளம்பரத்தில் இருக்கும் படங்களை எந்த வண்டியை வைத்து எடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, மச்சான் என் தோளைத் தொட்டுத் தடுத்துவிட்டார்.

நானும் என் மனைவியின் அண்ணனும் ஜூலைக் கடைசியில் கொலராடோவின் தென்மேற்கு மூலையில் உள்ள சான் ஹுவான் மலைகளுக்குப் போய்வந்தோம். டிரக் கேம்பர் என்பது பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் இறக்கிக் கட்டப்படும் சிறிய வீடு. ஓட்டுநர் அறைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கை, இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, குளிர்பெட்டி, ஹீட்டர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. எங்களுடையது ஓடும்போது கூரை தாழ்ந்திருந்து, நின்றபின் மேலே தூக்கிக்கொள்ளும் வகை. இழுவை வண்டி இல்லாததால் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்பதுதான் இதைப் பற்றி எல்லோரும் சொல்லும் பெருமை. அந்தப் பெருமையில் பாதிதான் உண்மை என்பதை 1,175 டாலர் வாடகையும் 95 டாலர் சுத்தம் செய்யும் கட்டணமும் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

மீதிப் பாதியைத் தீர்மானிப்பது எடை. ஓட்டுநர் கதவைத் திறந்தால், அந்த வண்டி ஆள்களையும் சாமான்களையும் சேர்த்து எத்தனை பவுண்டு சுமக்கலாம் என்று கதவு நிலையில் ஒட்டியிருப்பார்கள். கேம்பரின் எடையை அதிலிருந்து கழித்தவுடனேயே மிச்சம் மிகவும் குறைந்துவிடுகிறது. ஒரு கேலன் தண்ணீர் எட்டு பவுண்டுக்கும் சற்று அதிகம். எங்கள் 20 கேலன் தொட்டியை நிரப்பினால், மூன்றாவது ஆள் ஒருவரை ஏற்றிக்கொண்டதற்குச் சமம். வழியில் ஓடைகள் ஏராளமாக இருக்கும்போது தண்ணீரைச் சுமப்பானேன் என்று முதலில் நினைத்தேன். ஆனால் இது பழைய சுரங்கங்களால் துளைக்கப்பட்ட மலை. 2015 ஆகஸ்ட் 5 அன்று கோல்டு கிங் சுரங்கத்திலிருந்து ஏறத்தாழ 30 லட்சம் கேலன் கழிவுநீர் பீறிட்டு, சிமென்ட் கிரீக் என்ற ஓடை வழியாக அனிமஸ் ஆற்றில் கலந்து, ஆற்றையே ஆரஞ்சு நிறமாக்கியது. முகாம்களில் பயன்படுத்தும் சாதாரண வடிகட்டி கிருமிகளைத் தடுக்கும். நீரில் கரைந்த உலோகங்களைத் தடுக்காது. எனவே குடிநீர் முழுவதையும் சுமந்தே தீர வேண்டியிருந்தது.

டென்வரிலிருந்து யூரே என்ற மலை ஊர் வரை சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. மலைப்பகுதி பெட்ரோல் நிலையங்களில் சாதாரண பெட்ரோல் என்று மலிவு விலையில் கிடைப்பது 85 ஆக்டேன். எங்கள் வண்டியின் கையேடு 87க்குக் குறையக்கூடாது என்றதால், அடுத்த விலைக்குத் தாவ வேண்டியிருந்தது. ஒரு கேலனுக்குப் பதினொரு மைல்தான் கொடுத்த வண்டியில் இந்தச் சில சென்ட் வித்தியாசமும் உறைக்கத்தான் செய்கிறது.

யூரேயிலிருந்து சில்வர்டனுக்குச் செல்லும் 550ஆம் எண் நெடுஞ்சாலையை மில்லியன் டாலர் நெடுஞ்சாலை என்பார்கள். தெற்கு நோக்கிப் போகிறவருக்குப் பள்ளத்தின் ஓரத் தடம்தான் கிடைக்கும். பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. குளிர்காலத்தில் பனியை வழித்துப் பள்ளத்தில் தள்ள வேண்டியிருப்பதுதான் அதற்குக் காரணம். தார்ச்சாலைதானே என்று அலட்சியமாக ஏறிய எனக்கு, முதல் வளைவிலேயே தலைப்பாரம் கூடிய வண்டி ஒரு கணம் தாமதித்துப் பக்கவாட்டில் சாய்ந்தபோது, உள்ளங்கை வியர்த்துவிட்டது. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், நுழைந்தபின் பிரேக்கைத் தொடக்கூடாது என்று மச்சான் ஒவ்வொரு வளைவிலும் சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்தாவது முறை சொன்னபோது, எரிச்சலோடு என்றாலும் அதன்படியே செய்தேன்.

சில்வர்டனுக்குச் சற்று முன்பே மேற்கில் பிரியும் மண்சாலை சவுத் மினரல் ஓடைப் பள்ளத்தாக்குக்குள் போகிறது. அங்கே வனத்துறை குறித்துவைத்திருக்கும் இடங்களில் கட்டணமில்லாமல் தங்கலாம். குழாயும் கிடையாது, குப்பைத்தொட்டியும் கிடையாது. ஏற்கெனவே வண்டிகள் நின்று பழகிய தரையில்தான் நிறுத்த வேண்டும், ஓடையிலிருந்து போதிய தூரம் விலகியிருக்க வேண்டும், பதினான்கு நாள்களுக்கு மேல் தங்கக்கூடாது. மூன்று இரவுகளுக்கு ஒரு சென்ட்கூடச் செலவில்லை என்பதை நினைத்தபோதுதான் வாடகைத் தொகை நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சற்று இறங்கியது. ஒரு பக்கம் செம்பாறைச் சரிவு, மறுபக்கம் ஸ்புரூஸ் மரங்கள், நடுவில் ஓடையின் இரைச்சல். மாலை ஆறரைக்கெல்லாம் வெயில் மலைமுகட்டுக்குப் பின்னால் போய்விட, ஜூலையிலும் ஸ்வெட்டரைத் தேட வேண்டியதாயிற்று.

அந்த இரவில்தான் குக்கரின் அருமை புரிந்தது. கிட்டத்தட்ட 10,000 அடி உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பார்ப்பதற்குத் தளதளவென்று கொதிக்கும். துவரம்பருப்போ இரண்டு மணி நேரம் ஆனாலும் பல்லில் நெருடும். இடத்தை அடைக்கிறது என்று நான் வீட்டிலேயே விட்டுவரச் சொன்ன மூன்று லிட்டர் குக்கரை என் பேச்சைக் கேட்காமல் மச்சான் துணிப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். அதில் பருப்பும் அரிசியும் ஒன்றாகப் போட்டு, வழக்கத்துக்கு இரண்டு விசில் கூடுதலாக வைத்து, மேலே நெய் ஊற்றி, ஆவி பறக்கும் சாம்பார் சாதத்தைக் கம்பளிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுத்த வண்டியில் இருந்தவர் முதல் விசில் சத்தத்துக்கு வெளியே ஓடிவந்து எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு கிண்ணம் சாதம் கொடுத்த பிறகு அவரே மறுநாள் காலையில் நல்ல முகாம் இடங்களைத் தம் வரைபடத்தில் குறித்துக் காட்டினார். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டவற்றில் மிகச் சிறந்தது அந்தச் சாம்பார் சாதம்தான் என்பதில் ஐயமில்லை.

குளிர்பெட்டியோ கழுத்தறுத்தது. கேஸில் ஓடும் அந்த வகைக்கு வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து, அதன் சுடர் நிற்காமல் அணைந்துவிடும். வாடகைக்குக் கொடுத்தவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இரவெல்லாம் மூன்று முறை எழுந்து பற்றவைத்துப் பார்த்துவிட்டு, நான்காவது முறை பாலையும் தயிரையும் பாத்திரத்தோடு வெளியே எடுத்துப்போய் டிரக்கின் முன்சீட்டில் வைத்துக் கதவைப் பூட்டினேன். வெளியில் விட்டுவைத்தால் கரடி வரும். பூட்டிய வண்டிக்குள் விடியும்வரை இருந்த குளிர் எந்தக் குளிர்பெட்டிக்கும் குறைவில்லை.

மூன்றாம் நாள் அனிமஸ் ஃபோர்க்ஸ் என்ற கைவிடப்பட்ட சுரங்க ஊருக்குப் புறப்பட்டோம். சில்வர்டனிலிருந்து பன்னிரண்டு மைல். வழியில் உள்ள யுரேகா வரை நல்ல மண்சாலை, அதன்பின் ஒருபக்கம் பள்ளத்தோடு ஏறும் கற்சாலை. சக்கரங்களில் காற்றை 35 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினோம், கேம்பருக்குள் டம்ளர்களும் தட்டுகளும் அடித்துக்கொண்ட சத்தம் உடனே பாதியாகக் குறைந்தது. 11,200 அடியில் மரவீடுகள் வெறிச்சோடி நிற்கும் அந்தச் சுரங்க ஊரில், 1884ஆம் ஆண்டுப் பனிப்புயலின்போது 25 அடி பனி குவிந்து, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பனிக்குள் சுரங்கப்பாதை தோண்டிப் போனார்களாம். ஒரு வீட்டின் முன்கட்டு ஜன்னல் வழியே நாங்கள் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், பக்கத்துச் சரிவில் பெரிய அணில் வகையான ஒரு மார்மாட் எங்களைத் திட்டுவதுபோல் கத்திக்கொண்டே இருந்தது.

அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் 65 மைல் நீளமுள்ள ஆல்பைன் வளையச் சாலையின் ஒரு கை அந்த ஊரிலிருந்துதான் 12,640 அடி உயரச் சினமன் கணவாய்க்கு ஏறி, அப்பக்கம் லேக் சிட்டிக்கு இறங்குகிறது. சில்வர்டனிலிருந்து கணவாய் வழியாக லேக் சிட்டி முப்பது மைல் சொச்சம்தான். தார்ச்சாலையில் சுற்றிப் போனாலோ நூற்றைம்பது மைலுக்கும் மேல். பெட்ரோல் கணக்கு என் கண்ணை மறைத்தது. ஃபோர் வீல் லோ கியரில் போட்டு ஏறத் தொடங்கினேன். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கேம்பரின் அடிப்பகுதி மண்ணைத் தொடாமல் தப்பியது விரற்கடையில்தான். இறங்கி முன்னால் நடந்த மச்சான் இரண்டாவது வளைவைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "மாப்பிள்ளை, இது ஜீப்புக்குப் போட்ட வழி. நம்ம வீடு இதுல திரும்பாது."

அதற்குள் மேலிருந்து வரிசையாக நான்கு வண்டிகள் இறங்கிவிட்டன. ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பதுதான் மலைச்சாலை வழக்கம். ஆனால் நான்கு பேரைப் பின்வாங்கச் சொல்ல எந்த முகத்தோடு கேட்பது? நானே பின்னோக்கி இறங்கினேன். பின் கண்ணாடியில் கேம்பரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சக்கரம் மலைப்பக்கக் கல்லில் ஏறியபோது வண்டி முழுவதும் பள்ளத்தின் பக்கம் சாய்ந்தது. சாய்வு மொத்தம் நாலைந்து விரல்கடைதான் இருக்கும் என்று மச்சான் பிறகு சொன்னார், எனக்கோ வானமே கவிழ்வதுபோல் இருந்தது. டயர் வெட்டுப்பட்டது அந்தக் கல்லில்தான் என்று நினைக்கிறேன். தரப்படுத்திய மண்சாலைகளில் மட்டுமே ஓட்ட வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் இருந்ததை அன்றிரவு முகாமில் படித்தேன். புறப்படும் முன் படித்திருக்க வேண்டிய பக்கம் அது.

மறுநாள் சுற்றுவழியில் லேக் சிட்டிக்குப் போய்ச் சேரப் பகல் முழுவதும் ஆனது. அந்த ஊரை ஒட்டிய சான் கிறிஸ்டோபல் ஏரி, ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் ஸ்லம்கல்லியன் மண்சரிவு ஆற்றை அடைத்ததால் உண்டானது. அந்த மண் இன்னும் அடங்கவில்லை. அதன் ஒரு பகுதி ஆண்டுக்கு இருபது அடி வரை நகர்வதால், அங்கே மரங்கள் நேராக நிற்காமல் கண்டபடி சாய்ந்து கிடக்கின்றன. ஏரியைத் தாண்டி மில் கிரீக் முகாமில் கட்டணம் கட்டி இரண்டு இரவுகள் தங்கினோம். மேசையும் கழிப்பிடமும் இருந்தன. ஆனால் சவுத் மினரலின் தனிமை அங்கே இல்லை. பக்கத்து இடத்தில் இரவு பத்து மணி வரை ஜெனரேட்டர் ஓடியது.

சினமன் கணவாயை நான் எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நாள் காலையில் கணவாய்ச் சாலையில் பரோஸ் பார்க் என்ற இடம் வரை ஓட்டிப்போய், அகலமான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, அமெரிக்கன் பேசின் என்ற மலைப்பள்ளத்தை நோக்கி நடக்கத் தொடங்கினோம். அரை மைல்கூட நடந்திருக்கமாட்டோம், ஜீப்பில் வந்த முதிய தம்பதியர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார்கள். எங்கள் வண்டி ஊர்ந்து சாகும் பாதையில் அந்தக் குட்டை ஜீப் ஆட்டுக்குட்டிபோல் துள்ளிப் போனது. அமெரிக்கன் பேசின் முழுவதும் நீலக் கொலம்பைன் பூக்களும் சிவந்த பெயின்ட்பிரஷ் பூக்களும் இடுப்புயரத்துக்கு மண்டிக் கிடந்தன; பாதை ஓரத்தில் இறங்கி நின்றவுடன் பேச்சே எழவில்லை. பிறகு அவர்களே கணவாய் உச்சிவரை அழைத்துப்போய்க் காட்டினார்கள். கீழே மறுபக்கத்தில், நாங்கள் பின்வாங்கிய வளைவு நூலாகத் தெரிந்தது. பகல் பன்னிரண்டரைக்கு மேகம் திரளத் தொடங்கியதும் அந்தப் பெரியவர் ஒரு நொடி தாமதிக்காமல் வண்டியைக் கீழே திருப்பினார். மரம் ஒன்றுமில்லாத அந்த உயரத்தில் ஜூலை மாதப் பிற்பகல் மின்னலோடு விளையாடக்கூடாது. நாங்கள் கேம்பருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியபோது ஆலங்கட்டி கூரையில் பறையடித்தது. உள்ளே கேஸ் அடுப்பில் காபி தயாராகிக்கொண்டிருந்தது.

பணக்கணக்கைக் கேட்கிறவர்களுக்காக: வாடகை, சுத்தக் கட்டணம், ஏறத்தாழ 800 மைலுக்குப் பெட்ரோல் 240 டாலர், டயரும் கீறலும் சேர்த்து 710. இரண்டு பேர் அந்தப் பணத்தில் சில்வர்டனில் விடுதி எடுத்துத் தங்கி, ஒருநாள் ஜீப்பையும் வாடகைக்கு எடுத்திருக்கலாம், கணவாயையும் தாண்டியிருக்கலாம். ஓடைக்கரையில் அந்த மூன்று இரவுகள் மட்டும் கிடைத்திருக்காது. அடுத்த ஆண்டும் கேம்பரோடுதான் போவேன். ஆனால் அதை ஓர் இடத்தில் ஊன்றிவிட்டு, மேலே போக ஒருநாள் ஜீப் எடுப்பேன்.

ஆயிரம் டாலர் முன்பணத்தில் மீதி 290 நேற்று வங்கிக் கணக்குக்கு வந்துசேர்ந்தது. அந்தப் பணத்தில் ஒரு காற்றடிக்கும் கம்ப்ரசரும் ஐந்து லிட்டர் குக்கரும் வாங்க வேண்டும் என்று மச்சான் செய்தி அனுப்பியிருக்கிறார். குக்கருக்கு நான் சம்மதம் சொல்லிவிட்டேன்.