மேனியா என்னும் முத்திரை

கனடாவின் சமூகவியலாளர் ஜான் ஆலன் லீ 1973இல் காதலை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினார்: தோற்றக் கவர்ச்சியில் தொடங்கி விரைவாக நெருங்கும் எரோஸ், பிணைப்புக்கு இடம்கொடாமல் விளையாட்டாகப் பழகும் லூடஸ், நட்பிலிருந்து மெல்ல முதிரும் ஸ்டோர்கே, பொருத்தம் பார்த்துத் தேரும் பிராக்மா, ஏக்கமும் ஐயமும் அலைக்கழிக்கும் மேனியா, தன்னலம் கருதாத அகாபே. அமெரிக்க உளவியலாளர்களான கிளைட் ஹென்ட்ரிக், சூசன் ஹென்ட்ரிக் தம்பதியர் இவற்றை அளப்பதற்கு, வகைக்கு 7 வீதம் 42 கூற்றுகள் கொண்ட வினாத்தாளை 1986இல் வெளியிட்டனர். அன்றுமுதல் இத்துறை ஆய்வுகளில் பெரும்பாலானவை பல்கலைக்கழக மாணவர்களிடமே நடந்திருக்கின்றன.

ஆளுமையின் ஐந்து பெரும் பண்புகளோடு இவ்வகைகளை ஒப்பிட்டவர்கள், இணக்கமும் பொறுப்புணர்வும் குறைந்தவர்களிடம் லூடஸ் சற்று மிகுவதைக் கண்டனர். அந்த ஐந்தில் இன்னொன்றான, எளிதில் மனம் கலங்கும் இயல்புக்கும் மேனியாவுக்கும் உள்ள தொடர்பு மீண்டும் மீண்டும் வெளிப்பட்டது. இந்த இரண்டாவது முடிவே என்னை நெடுநாளாக யோசிக்க வைத்திருக்கிறது.

மேனியாவை அளக்கும் கூற்றுகள் உறவில் சிக்கல் வந்தால் வயிறு கலங்குவதையும், காதல் பரபரப்பில் தூக்கம் கெடுவதையும், துணை வேறொருவருடன் இருப்பாரோ என்று நிம்மதி இழப்பதையும் கேட்கின்றன. மனக்கலக்கத்தை அளக்கும் வினாத்தாளும் கவலையையும் பதற்றத்தையும்தான் கேட்கிறது. ஆகவே இரண்டு மதிப்பெண்களும் சேர்ந்தே உயர்வதில் ஒரு பகுதி, ஒரே தவிப்பை இருமுறை அளந்ததன் விளைவாகவும் இருக்கலாம். மேலும், ஒரே வேளையில் நிரப்பப்பட்ட தாள்களைக் கொண்டு, பண்பு காதலை உருவாக்கியதா, நிலையற்ற ஓர் உறவு மனத்தைக் கலக்கியதா என்று பிரித்தறிய இயலாது.

இந்த வகைகள் பிறவிக்குணங்கள் அல்ல என்பதையும், ஒருவரே வெவ்வேறு துணையிடம் வெவ்வேறு விதமாகக் காதலிக்கக்கூடும் என்பதையும் லீயே வலியுறுத்தியிருக்கிறார். ஹென்ட்ரிக் தம்பதியரின் ஆய்விலும், அப்போது காதலில் இருந்த மாணவர்கள் எரோஸிலும் அகாபேயிலும் கூடுதலாகவும் லூடஸில் குறைவாகவும் மதிப்பெண் பெற்றிருந்தனர். அப்படியிருக்க, பத்தொன்பது வயதில் ஒரு வினாத்தாளை நிரப்பும் மாணவியிடம் "நீ மேனியா வகை" என்று முத்திரை குத்தி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவளுக்கு அந்த மதிப்பெண்ணைச் சொல்பவர், இப்போதைய உறவில் அவள் எதைக் கண்டு அஞ்சுகிறாள் என்பதையும் கேட்டறிய வேண்டும்; இந்த உறவுக்கு முன்பும் அவள் இப்படித்தான் தூக்கமிழந்தாளா என்பதையும் கேட்க வேண்டும்.