பாம்புத் தொட்டிக்குப் பெட்டிங்: போட்டுப் பார்த்துத் தெரிந்தவை

பெட்டிங் (bedding) என்பது வளர்ப்புப் பாம்பின் தொட்டித் தரையில் பரப்பும் சீவல், தூள், காகிதம் போன்ற விரிப்பு. சோதனைக்கு எடுத்த தொட்டி 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். 8 செ.மீ. ஆழத்துக்கு நிரப்ப 32 லிட்டர் பெட்டிங் பிடிக்கும். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வந்துவிடும். பரப்பியபின் அமுங்கும் என்பதால் நாலைந்து லிட்டர் கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

கார்ன் ஸ்னேக், கிங் ஸ்னேக் போன்றவற்றுக்கு முதலில் ஆஸ்பென் என்ற மரத்தின் சீவல். பாம்பு குடைந்த வழி சரியாமல் நிற்கிறது, எச்சம் கட்டியாகப் பிடிப்பதால் அந்த இடத்தை மட்டும் அள்ளி எறிந்தால் போதும். எதிரி ஈரம்தான். தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்த இடத்தை அன்றே அள்ளாவிட்டால் ஓரிரு நாளில் பூஞ்சணம் பூக்கும். அடி அகன்ற கனமான கிண்ணத்தைத் தட்டையான ஓட்டுத் துண்டின் மேல் வைத்தால் பாதித் தொல்லை குறையும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாத பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு வகைக்கு ஆஸ்பென் சரிவராது. சட்டை துண்டு துண்டாக உரியும், கண்மேல் மூடி ஒட்டிக்கொண்டே நிற்கும்.

அதற்குக் கோகோபீட், அதாவது தென்னை நார்த்தூள். 650 கிராம் கட்டி ஒன்றை நாலு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் உதிர்ந்து எட்டு லிட்டர் அளவுக்கு வரும். உரம் கலந்த தோட்டக் கட்டி வேண்டாம். உப்பு கழுவாததாக இருந்தால் இரண்டு மூன்று தடவை நீர் மாற்றிப் பிழிய வேண்டும். ஒரு பிடி அள்ளி அழுத்தும்போது உருண்டை நிற்க வேண்டும், சொட்டு விழக்கூடாது. கோகோபீட் மட்டும் போட்டால் மேற்பரப்பு காய்ந்து தூளாகப் பறக்கிறது. தேங்காய் மட்டைச் சில்லுகளைச் சம அளவு கலந்தபின் தூசி அடங்கியது, அடியில் காற்றும் புகுகிறது.

அதிகம் கோட்டைவிடும் இடம் சூடு. ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) தொட்டிக்கு அடியில், மேலே 8 செ.மீ. பெட்டிங், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்சார் பெட்டிங்கின் மேல்: இந்த அமைப்பு ஆபத்து. பெட்டிங் சூட்டை மேலே ஏறவிடாது. சென்சார் 'இன்னும் குளிர்' என்று காட்டும், மேட் ஓடிக்கொண்டே இருக்கும், அடிக்கண்ணாடி கொதிக்கும். குடைந்து இறங்கும் பாம்பு அதன்மேல் படுத்தால் வயிறு வெந்துவிடும். அது விலகி ஓடும் என்று நம்பியிருக்க முடியாது. சென்சாரை மேட்டுக்கு நேர் மேலே உள்புறக் கண்ணாடியில் ஒட்டி, 32 டிகிரிக்கு அமைத்து, அந்தப் பக்கம் மட்டும் பெட்டிங்கை 2 செ.மீ.க்குள் வைக்கலாம். ஆழமான பெட்டிங்தான் வேண்டும் என்றால் மேட்டை எடுத்துவிட்டுச் சூட்டை மேலிருந்து கொடுப்பதே மேல். பீங்கான் ஹீட்டருக்குக் கம்பிக்கூண்டு கட்டாயம்.

மேலிருந்து சூடு வந்தால் மேற்பரப்பு வேகமாகக் காயும். ஸ்பிரேயால் தினமும் நனைப்பது பயனில்லை. மேலே ஈரம், அடியில் வறட்சி என்று தலைகீழாகிவிடும். நான்கு மூலைகளிலும் சேர்த்து அரை லிட்டர் நீரை மெதுவாக ஊற்றினால் அது அடிக்கு இறங்கி அங்கிருந்து ஆவியாகிறது. பாம்பு படுக்கும் மேல்தளம் காய்ந்தே இருக்கும். ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டரை மூடியில் அல்ல, பெட்டிங்குக்குச் சற்று மேலே மாட்டிப் பார்க்க வேண்டும். மேல்தளம் நாள்கணக்கில் ஈரமாகக் கிடந்தால் வயிற்றுச் செதில்கள் பழுப்பேறிக் கொப்புளிக்கும். அப்படித் தெரிந்தால் உடனே காகிதத்துக்கு மாற்றி, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காகிதம் அழகில்லைதான். ஆனால் புதிதாக வந்த பாம்பைத் தனிமையில் வைத்திருக்கும்போது அதற்கு இணை இல்லை: வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளியாக ஊரும் சிற்றுண்ணியும், எச்சத்தின் நிறமும் பளிச்சென்று தெரியும். பாம்புக்கு மறைவிடம் மட்டும் கூடுதலாக ஒன்று வைக்க வேண்டும்.

சீடர் (cedar) மரச்சீவல் அறவே கூடாது. அதன் வாசனை எண்ணெய் நுரையீரலைப் பாதிக்கும். பிசின் மணம் வீசும் பைன் சீவலும் அதே கதை. மக்காச்சோளக் கதிர்த்தூள் ஈரத்தில் பூசணம் பிடிக்கும், விழுங்கினால் குடலில் அடைக்கும். கால்சியம் மணலை வாங்காமல் இருப்பதே மிச்சம்.

இரை நனைந்திருந்தால் சில்லு ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். துணியால் துடைத்து, தட்டையான ஓட்டின் மேல் வைத்துக் கொடுத்தால் போதும். ஓரிரு சில்லு போனாலும் பெரும்பாலும் எச்சத்தோடு வெளியேறிவிடும். ஆஸ்பெனை மாதம் ஒருமுறையும் கோகோபீட் கலவையை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் முழுதாக மாற்றும்போது தொட்டியின் மூலைகளைக் கழுவிக் காயவைத்தபின் நிரப்பவும்.