ஸ்பிண்டிலைத் திறப்பதற்கு முன்

கோவையில் பம்பு உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்கூடத்தின் பராமரிப்புப் பிரிவில் நான் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், இயந்திரத்தில் வெட்டும் டூலைப் பிடித்துச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலிலிருந்து வழக்கமில்லாத சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிடுவோம். அந்த முடிவு பல நேரங்களில் சரியாக இருந்ததுதான் எங்களைக் கெடுத்தது.

ஸ்பிண்டில் செங்குத்தாக நிற்கும் கணினிக் கட்டுப்பாட்டு வெட்டு இயந்திரமான ஒரு வி.எம்.சி.யில் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளைத் தாண்டியதும் சீழ்க்கை போல ஒரு சத்தம் எழத் தொடங்கியது. ஸ்பிண்டிலைக் கழற்றி, பக்கவாட்டு விசையையும் நீளவாட்டு விசையையும் சேர்த்துத் தாங்கும் நான்கு ஆங்குலர் கான்டாக்ட் பேரிங்குகளையும் மாற்றி, கிரீஸ் பரவுவதற்காகக் குறைந்த வேகத்திலிருந்து படிப்படியாக ஏற்றி ஓட்டி முடிக்க ஒன்பது நாட்கள் ஆயின. பத்தாம் நாள் காலையில் அதே வேகத்தில் அதே சீழ்க்கை கேட்டது. அன்று மாலைதான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பார்த்தோம். சத்தம் மோட்டாரின் பின்பக்க பேரிங்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் முடியும் அந்தச் சோதனையை முதல் நாளே நான் செய்திருக்க வேண்டும். வார்ப்பிரும்பு உடல் சத்தத்தை வெகுதூரம் கடத்துவதால், எங்கோ பிறக்கும் ஒலி ஸ்பிண்டிலின் மூக்கில் பிறந்தது போலவே காதுக்குப் படும் என்பதை அந்த ஒன்பது நாட்களைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அதன் பிறகு, எந்தத் திருகையும் தொடுவதற்கு முன் சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதையே முதலில் பார்க்கிறேன். ஸ்பிண்டிலை வேகத்துக்குக் கொண்டுபோய், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தி, தானாகச் சுழன்று நிற்க விடும்போது, சத்தம் அந்தக் கணமே அற்றுப்போனால் அது மோட்டாரின் மின்புலத்தோடு சம்பந்தப்பட்டது. வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் சுழலும் பாகங்களில் ஒன்று. வேகம் எவ்வளவு மாறினாலும் சுருதி மாறாத சத்தம் பெரும்பாலும் குளிர்விக்கும் விசிறியிலிருந்தோ ஹைட்ராலிக் பம்பிலிருந்தோ வருவது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் எழுந்து, அதைத் தாண்டியதும் அடங்கிவிட்டால், பெல்ட்டின் இழுவிசையையும் தளர்ந்துபோன தகட்டு மூடிகளையும் பார்ப்பேன்.

பேரிங்கின் மேல் சந்தேகம் விழுந்தால் கணக்கு துணைக்கு வரும். 20 பந்துகள், பந்தின் விட்டம் 12 மி.மீ., பந்துகளின் மையங்கள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 90 மி.மீ., பந்து வளையங்களைத் தொடும் சாய்வான தொடுகோணம் 15 டிகிரி என்று ஒரு பேரிங் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 3,000 சுற்றில் ஸ்பிண்டிலின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். வெளி வளையத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தால் ஏறக்குறைய 436 ஹெர்ட்ஸிலும், உள் வளையத்தில் விழுந்திருந்தால் 564 ஹெர்ட்ஸிலும் அதிர்வு தெரியும். இவை 50-இன் முழு மடங்குகள் அல்ல என்பதுதான் முக்கியம். எடைச் சமநிலை குலைந்ததால் வரும் அதிர்வு சரியாக 50-இல் நிற்கும். அதனால் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது.

ஆயினும் கருவிக்கு முன்னால் கேட்க வேண்டியது ஆப்பரேட்டரின் வார்த்தையை. எட்டு மணி நேரம் அந்த இயந்திரத்தின் அருகிலேயே நிற்பவர் அவர். "மண்ணு அரைக்கிற மாதிரி இருக்குங்க" என்று ஒருவர் சொன்ன ஸ்பிண்டிலுக்குள், வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இறங்கி கிரீஸைக் கழுவியிருந்தது. "வண்டு கத்துற மாதிரி" என்று சொல்லப்பட்ட இன்னொன்றில் கிரீஸ் வற்றியிருந்தது.

என் மனத்தில் ஆழமாகப் பதிந்த நிகழ்ச்சியும் ஓர் ஆப்பரேட்டரின் வார்த்தையிலிருந்துதான் தொடங்கியது. உறுமல் கேட்கும் ஒரு வி.எம்.சி.யைப் பார்க்கப் போயிருந்தேன். பேரிங்குக்கு ஆர்டர் போடும் பேச்சு அதற்குள் தொடங்கியிருந்தது. இயந்திரத்தை ஓட்டிய தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டூல் மாறும்போதெல்லாம் சத்தம் மாறுதுங்கண்ணா. அதே டூலைக் கழட்டித் திருப்பிப் போட்டாலும் மாறுதுங்க."

பேரிங்கில் விழுந்த பள்ளம் டூலைக் கழற்றி மாட்டுவதால் கூடிக் குறையாது. டூலைத் தாங்கி ஸ்பிண்டிலில் பொருந்தும் டூல் ஹோல்டரின் எடைச் சமநிலையையும் குறைசொல்ல வழியில்லை. ஏனென்றால் டூல் மாறும்போது ஸ்பிண்டில் ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் நின்றுதான் ஹோல்டரை வாங்குகிறது. ஆகவே ஒரே ஹோல்டரைப் பத்து முறை கழற்றி மாட்டி, ஒவ்வொரு முறையும் 3,000 சுற்றில் ஓட்டி அதிர்வைக் குறித்துக்கொண்டோம். 50 ஹெர்ட்ஸ் அதிர்வு மட்டும் ஒவ்வொரு முறையும் கூடியும் குறைந்தும் வந்தது. பேரிங்குக்குரிய அதிர்வெண்கள் அமைதியாக இருந்தன. ஸ்பிண்டிலுக்குள் பொருந்தும் ஹோல்டரின் கூம்பைத் துடைத்துப் பார்த்தபோது அதில் செம்பழுப்பு நிறத் தடம் படிந்திருந்தது. இறுகப் பிடிக்கப்படாத கூம்பு நுண்ணளவில் அசைந்து தேயும்போது உண்டாகும் தடம் அது. பிடிவிசையை அளந்தோம், இருக்க வேண்டிய அளவைவிட மிகவும் குறைவாக இருந்தது.

ஸ்பிண்டிலுக்குள்ளிருந்து ஹோல்டரை இழுத்துப் பிடிக்கும் தண்டான டிராபாரை வெளியே எடுத்தோம். டூலை இழுத்துப் பிடிக்கும் டிஸ்க் ஸ்பிரிங் அடுக்கில் மூன்று வளையங்கள் துண்டுகளாக உடைந்திருந்தன. டூலை விடுவிக்கும்போதெல்லாம் அடுக்கு அழுந்தி, உடைந்த துண்டுகள் வேறொரு பக்கமாக நகர்ந்திருக்கின்றன. அதனால்தான் ஒவ்வொரு முறையும் எடை ஒரு பக்கம் சாய்ந்து உறுமல் மாறியிருக்கிறது. பேரிங்கை மட்டும் நினைத்துக்கொண்டு இன்னும் சில வாரங்கள் அதே பிடியோடு ஓட்டியிருந்தால், வெட்டும்போது ஹோல்டர் கழன்று வெளியே வந்திருக்கக்கூடும் என்ற நினைப்பு அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. இயந்திரத்தின் கதவுக்கு இப்பால் நின்றுகொண்டிருந்தவர் அந்தத் தம்பி.

ஸ்பிரிங் அடுக்கை முழுவதுமாக மாற்றி, பிடிவிசையை மறுபடியும் அளந்து, பழையபடியே பத்து முறை டூலைக் கழற்றி மாட்டி ஓட்டினோம். அதிர்வின் அளவு பத்து முறையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இயந்திரத்தின் பதிவேட்டில் "கோளாறு" என்ற கட்டத்தில் அந்தத் தம்பி முதலில் சொன்ன வாக்கியத்தை, அவர் பேசிய பேச்சிலேயே எழுதி, பக்கத்தில் அவருடைய கையெழுத்தையும் வாங்கிக்கொண்டேன்.