சிரிப்பு வாயு வந்த வீடு

எங்க வீட்டு ஆம்பளைங்க எந்தப் பொருள் வாங்கினாலும் டப்பாவைப் பிரிச்ச கையோட முதல்ல தூக்கிப் போடுறது கையேட்டைத்தான். அதைப் பொறுக்கியெடுத்துப் படிச்ச பாவத்துக்கு, இந்த வீட்டில் நைட்ரஸ், அதாவது கார் இன்ஜினுக்கு வேகம் கூட்டுற வாயு பத்தி முழுசாத் தெரிஞ்ச ஒரே ஜீவன் நான்தான். இதில் பெருமைப்பட ஒண்ணுமில்லை. சரி, கொஞ்சம் இருக்கு.

கொழுந்தனுக்கு வேகப் பைத்தியம். ஆனா அவனுக்குன்னு கார் கிடையாது. ஆக, மாமாவோட கார். மாமா வண்டி எடுத்தா பின்னாடி வர்ற சைக்கிள்காரர் பெல் அடிச்சு வழி கேட்டுட்டுப் போவார். அந்த வண்டிக்குத்தான் நைட்ரஸ் கிட்! பந்தயப் பாதையில் ஓட்டுறதுக்கு மட்டும்தான்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணி அனுமதி வாங்கினான். மாமா யோசிச்சு ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "ரோட்டில் போகும்போது பாட்டில் மூடியிருக்கணும்."

அத்தைக்கு வேற கவலை. "அது சிரிப்பு வாயுவாமே? வண்டிக்குள்ள கசிஞ்சா மாமா சிரிச்சிடுவாரோ?" நாங்க கல்யாணமாகி வந்ததிலிருந்து யாரும் பார்க்காத காட்சி அது. பார்த்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா நடக்காது அத்தைன்னு விளக்கினேன். வண்டிக்குன்னு விக்கிற வாயுவில் யாரும் மோந்து பார்த்துடக் கூடாதுன்னே துளி கந்தக டை ஆக்சைடு கலந்து வைப்பாங்க. சிரிப்பு வராது, இருமல்தான் வரும். அந்தக் காலத்தில் ஹம்ப்ரி டேவி 1799-இல் இதைத் தானே மோந்து பார்த்து, கூட்டாளிகளுக்கும் பட்டுப் பையில் அடைச்சுக் கொடுத்து, எல்லாரும் கெக்கேபிக்கேன்னு ஆடியிருக்காங்க. அறுவை சிகிச்சையில் வலி தெரியாம இருக்க இது உதவலாம்னு மறு வருஷமே எழுதியும் வச்சார். யார் கேட்டா? 1844-இல் ஹோரேஸ் வெல்ஸ்னு ஒரு பல் டாக்டர் தன் பல்லையே பிடுங்க வச்சுக்கிட்டுத்தான் அதைச் சோதிச்சுப் பார்த்தார். எழுதி வச்சதைப் படிக்காத ஆம்பளைங்க எல்லாக் காலத்திலும் இருந்திருக்காங்க.

கிட் தேர்ந்தெடுக்கிறதுக்குள்ள ஒரு யுகம் போச்சு. கொழுந்தன் எடுத்த எடுப்பிலேயே "100 ஷாட் போட்டுடலாம் அண்ணி"ன்னான். அதாவது கூடுதலா 100 குதிரைத்திறன். அந்த வண்டியே புதுசா வந்தப்போ அவ்வளவு இழுத்திருக்குமாங்கிறது சந்தேகம்.

"தம்பி, நைட்ரஸ் எரியவே எரியாது, தெரியுமில்ல?"

"பின்ன என்ன எரியுது அண்ணி?"

இந்த அறிவோடதான் 100 ஷாட். எரியறது பெட்ரோல்தான். காத்தில் எடைக்கு 23 சதவீதம் ஆக்சிஜன்னா நைட்ரஸில் 36. சிலிண்டர் சூட்டில் வாயு பிரிஞ்சு அந்த ஆக்சிஜன் வெளியே வரும், அதுக்கு ஈடா பெட்ரோலும் கூடுதலா உள்ளே போகணும். பெட்ரோல் மட்டும் குறைஞ்சதோ, பிஸ்டன் உருகி வழியும். அதனாலதான் 50-க்கு மேல ஒரு குதிரைகூட இந்த வாசல்படி ஏறக் கூடாதுன்னு நின்னேன். வாங்கினது வெட் கிட், அதாவது நைட்ரஸும் பெட்ரோலும் ஒரே நாசில் வழியா சேர்ந்து பீச்சுறது. டிரை கிட்டில் வாயு மட்டும்தான், பெட்ரோல் கணக்கை வண்டியோட கம்ப்யூட்டர் பார்த்துக்கணும். மாமா வண்டி கம்ப்யூட்டர்மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. கடிகாரத்தையே ஒழுங்காக் காட்டாது அது.

மாட்டுற படலத்தில் வீட்டுக்காரரும் சேர்ந்துக்கிட்டார். பாட்டிலை டிக்கியில் அழகா, மட்டமா, ஸ்பிரிட் லெவல் வச்சுப் படுக்க வச்சார். வால்வு முன்பக்கம், 15 டிகிரி தூக்கி, லேபிள் மேலே பார்த்து இருக்கணும். உள்ளே இருக்கிற குழாயோட நுனி பின்பக்கம் அடியில் இருக்கு, வண்டி பாயும்போது திரவம் அங்கதான் ஒதுங்கும்னு வாசிச்சுக் காட்டினேன். "இதெல்லாம் எழுதியிருக்கா?"ன்னார். அப்புறம் கொழுந்தன் டெஃப்லான் டேப் சுருளோட வந்து குழாயை இணைக்கிற ஃபிளேர் ஃபிட்டிங்கில் சுத்த ஆரம்பிச்சான். வெள்ளை நூல் மாதிரி ஒரு பிசிறு மரையிலிருந்து நீட்டிக்கிட்டு நின்னது. அது உள்ளே போய் சொலினாய்டில், அதாவது மின்சாரத்தில் திறந்து மூடுற வால்வில், சிக்கினா வால்வு மூடாது. அந்தப் பிசிறை நகத்தால கிள்ளிக் கிள்ளி நான் எடுத்ததைப் பார்த்திருந்தா உங்களுக்கே கண்ணீர் வந்திருக்கும்.

ஆக்சிலரேட்டரைத் தரையோட தரையா மிதிச்சாத்தான் அமுங்குற மாதிரி ஒரு சுவிட்ச், 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே வாயு வராம தடுக்க இன்னொண்ணு, சூட்டைச் சீக்கிரம் கடத்துற, ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக், பிளக் பொறி விடுற நேரத்தை 2 டிகிரி பின்னுக்குத் தள்ளினது, எல்லாம் ஒருவழியா முடிஞ்சது. இவ்வளவு நேரமும் மாமா கையைப் பின்னால கட்டிக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம பார்த்துக்கிட்டே நின்னார். கடைசியா கொழுந்தன் பர்ஜ் பட்டனை அமுக்கிக் காட்டினான். குழாயில் இருக்கிற காத்தை வெளியே தள்ளுற பட்டன் அது. முன் கண்ணாடி ஓரத்தில் புஸ்ஸுன்னு ஆளுயரத்துக்கு வெள்ளைப் புகை. மைனஸ் 88 டிகிரியிலேயே கொதிக்கிற சங்கதி, வெளியே வந்ததும் காத்தில் இருக்கிற ஈரத்தைப் பனியாக்கிடும். அத்தை சாமியைக் கூப்பிட்டாங்க. மாமா "ம்" என்றார்.

இப்ப நேத்து நடந்தது. வர்ற ஞாயித்துக்கிழமை பந்தயப் பாதைக்குப் போகணும், பாட்டிலில் எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும். அழுத்த மீட்டரைப் பார்த்தாத் தெரியாது. சமையல் காஸ் சிலிண்டர் மாதிரிதான், உள்ளே திரவம் இருக்கிறவரை அழுத்தம் சூட்டைப் பொறுத்து மட்டும்தான் மாறும். எடை போட்டே ஆகணும். வீட்டுக்காரர் பாட்டிலைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு எடை மெஷினில் ஏறினார். அப்புறம் பாட்டில் இல்லாம ஏறினார். ரெண்டாவது எண்ணைப் பார்த்து அத்தைக்கு மூச்சே நின்னுது. இவ்வளவு நாளா எங்ககிட்ட அவர் சொல்லிட்டு வந்த எடை என்னங்கிறதைக் குடும்ப மானம் கருதி இங்கே எழுதலை.

கழிச்சுப் பார்த்தா, வாங்கினப்போ 4.5 கிலோ இருந்த வாயுவில் ஒரு கிலோ காணோம்.

"நீ எடை கூடியிருப்பே"ன்னான் கொழுந்தன். அண்ணன் தம்பிக்குள்ள ரசாபாசம். வண்டி இன்னும் ஒரு தடவைகூட முழு மிதி வாங்கலை, மாமா கால் அந்தப் பெடலோட கீழ்ப்பாதியைப் பார்த்ததே இல்லை. அப்ப கசிவுதான்னு எல்லா மூட்டிலும் சோப்புத் தண்ணி தடவி, கண்ணை இடுக்கிக்கிட்டுப் பார்த்தோம். ஒரு குமிழ்கூட வரலை. டெஃப்லான் டேப்பை எடுத்துக் கொழுந்தன் முகத்துக்கு நேரா ஆட்டிக்கிட்டிருந்தேன். அப்பத்தான் படிக்கட்டில் உக்காந்திருந்த எங்க வீட்டுக் குட்டி சொன்னா, "தாத்தா தினம் மேகம் விடுவாரே, அதுலதான் போயிருக்கும்."

அமைதி. எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். பேப்பர் இறங்கலை.

"சாயந்தரம் நான் இங்க உக்காந்து 'ரெடி'ன்னு சொல்லணும். தாத்தா டிக்கியைத் திறந்து திருகுவார். அப்புறம் சுவிட்ச் போடுவார். அப்புறம் மேகம். சித்தப்பா விட்டதைவிடப் பெருசு."

வால்வு, கிட்டை உயிர்ப்பிக்கிற ஆர்மிங் சுவிட்ச், பர்ஜ் பட்டன், எல்லாம் வரிசை மாறாம. கையேட்டைப் படிக்காமலே! கொழுந்தனுக்கு வார்த்தையே வரலை. "அப்பா, பாட்டில் மூடியிருக்கணும்னு நீங்கதானே..."

"ரோட்டில் போகும்போதுன்னுதான் சொன்னேன்." பேப்பரைத் திருப்பினார். "இது நம்ம வாசல்."

வாயுவை நிரப்பிட்டு வர்ற வேலை இப்ப என் தலையில். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆகணுமாம். குட்டி சாயந்தரமே ஆகணும்கிறா.