கம்பாசிட்டர் ஐயாவுக்கு ஒரு போஸ்டர்

9 ஜூலை 2024, செவ்வாய்

கம்பாசிட்டர் ஐயா, அச்சகத்தில் ஈய எழுத்து கோத்தவர், விடியற்காலையில் போய்விட்டார். தூக்கத்திலேயே. நான் ஷட்டரைத் தூக்கும்போதே அவர் மகன் வாசலில் நின்றார். “போஸ்டர் நீதாம்மா போடணும், வேற யார்கிட்ட போவேன்?” மாயவரத்தில் ஒரு சாவு விழுந்தால் பந்தல்காரருக்கு அடுத்தபடி டிடிபி கடைக்குத்தான் ஆள் வரும். இந்த அவசரத்தில் அழ நேரம் கிடைக்கவில்லை. நல்லதாகவும் போயிற்று.

வாசகத்தில்தான் தகராறு. மகனுக்கு “இறைவனடி சேர்ந்தார்”. ஐயாவோடு அச்சகத்தில் வேலை பார்த்த தோழர்கள் இருவர் வந்திருந்தார்கள், அவர்களுக்கு “இயற்கை எய்தினார்”. குரல் உயர ஆரம்பித்தது. ஊரில் யார் செத்தாலும் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஐயா சொல்வதைச் சொன்னேன்: “காலமானார்னு போடு பாப்பா. ஒரு வரியில அடங்கும், சாமி உள்ளவனும் கேட்க மாட்டான், சாமி இல்லாதவனும் கேட்க மாட்டான்.” அவர் குரலிலேயே சொல்லிவிட்டேன் போல. மூவரும் சிரித்துவிட்டார்கள். காலமானார் என்றே போட்டேன். சிவப்பு எழுத்து, நிழல், கண்ணீர்த் துளி எதுவும் கிடையாது. கறுப்பு மட்டும்.

10 ஜூலை, புதன்

நேற்று மாலை எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு சரி. இன்று பால் தெளி.

அவர் முதன்முதலில் கடைக்கு வந்தது ரேஷன் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க. மேஜையில் என் பக்கமாக ஒரு காதணி விழா பத்திரிகை கிடந்தது. எதிரே நின்றபடி, தலைகீழாகவே படித்து, “வாழ்த்தி அருள-க்கு முன்னாடி ‘தம்பதி சமேதராய்’ல ‘ச’வுக்குக் கால் வாங்கியிருக்கு, எடுத்துடு” என்றார். சாமேதராய்! நான் மூன்று முறை பார்த்தும் கண்ணில் படவில்லை. ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் எழுத்து கோப்பவர்களுக்கு அது சாதாரணம். ஈய எழுத்து இடவலம் மாறியிருக்கும், வரியையும் தலைகீழாக வைத்துத்தான் கோக்க வேண்டும். நேராகப் பிடித்துப் படிப்பதைவிட எதிரில் இருந்து படிப்பதுதான் அவருக்கு வேகம். டீக்கடையில் எதிர்பெஞ்சுக்காரர் கையில் இருக்கும் பேப்பரை அவருக்கு முன்பே படித்து முடித்துவிட்டு, “திருப்புங்க” என்பார். அதற்காகவே ஒருவர் இவரைக் கண்டால் எழுந்து போய்விடுவார்.

அப்புறம் தினமும் வந்தார். நான் சம்பளம் என்று எதுவும் கொடுத்ததில்லை. சர்க்கரை கம்மியாக ஒரு டீ. பிழை திருத்திய தாளை மட்டும் அவர் கையாலேயே என்னிடம் கொடுக்க வேண்டும், மேஜையில் வைக்க மாட்டார்.

13 ஜூலை, சனி

துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், “அழிந்துவரும் ஒரு கலையின் கடைசி மனிதர்” என்று திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். ஐயா இருந்திருந்தால் எழுந்து உள்ளே போயிருப்பார். கலை, மண்ணாங்கட்டி. நாள் முழுக்க கேஸ் (எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் பெட்டி) முன்னால் நின்று இடுப்பு போனதையும், ராத்திரியில் நாற்பது வாட் பல்பில் கண் போனதையும்தான் அவர் சொல்வார். ஈய எழுத்தே வேண்டாத ஆஃப்செட் அச்சு வந்தபோது நிம்மதி என்றார். வேலை செய்த அச்சகத்தை மூடியபோது, சம்பள பாக்கிக்கு ஈடாகக் கிடைத்த எழுத்துகளை எடைக்குப் போட்டு ஒரு மிக்ஸி வாங்கினார். ஒரு எழுத்தையாவது நினைவுக்கு வைத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்டேன். “அது ஈயம் பாப்பா. அந்த மிக்ஸி இன்னும் ஓடுது” என்றார். நினைவுப்பொருள் ஆசை எனக்குத்தான், அவருக்கு இல்லை.

பெருமைப்பட்டது ஒன்றே ஒன்றுக்கு: எழுத்தாளர் விந்தன். “எங்க ஆள். கேஸ் முன்னாடி நின்னவர்தான் அப்புறம் கதை எழுதினார்.”

இன்னொன்றும் இருக்கிறது. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1935லேயே குடிஅரசில் கொண்டுவந்த மாற்றம்தான். ணை, லை, ளை, னைக்கு முன்னால் இருந்த தும்பிக்கை மாதிரி வளைவு போனது. ணா, றா, னா சுழி போனது. அதே சுழி இருந்த ணொ, ணோ போன்றவற்றையும் சேர்த்து மொத்தம் 13 எழுத்துகள். ஊரே மொழியைப் பற்றிப் பேசியபோது, ஐயாவுக்கு அது கேஸில் காலியான அறைகள். கு, கூ, சு, சூ என்று உகர வரிசையில் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து வைத்துத் திணறிய கேஸில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்ததாம். ஆனால் கையால் எழுதும்போது கடைசிவரை தும்பிக்கை லைதான். மளிகைச் சீட்டைப் பார்த்து அண்ணாச்சி கடைப் பையன் விழிப்பான். “சட்டம் அச்சுக்குத்தான், எனக்கு இல்ல” என்பார்.

18 ஜூலை, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை வேலை கிடையாது, கடை காற்றாடுகிறது.

இப்படி ஒரு ஆடியில்தான் பஸ் பிடித்துத் தரங்கம்பாடி போனோம், அவர், அவர் மனைவி (எனக்கு அம்மா), நான். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சகம் வைத்த ஊர், 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சான ஊர் என்று பெரிதாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஜெர்மனியில் ஹாலே நகரிலிருந்து வந்த எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் அதிகம் செலவானது, அதனால் பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அதையும் சொன்னேன். நெகிழ்வார் என்று நினைத்தேன். டேனிஷ் கோட்டை நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே யோசித்தார். “வெறும் ஈயம்னா நசுங்கிடுமே. ஆன்டிமணி சேர்த்தாத்தான் நிக்கும். அவனுக்கு ஆன்டிமணி எங்கேருந்து வந்துச்சு?” திரும்பும் பஸ்ஸிலும் அதே கேள்வி. அம்மா கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கி, “போதும், அவனுக்கு வந்துச்சு, விடுங்க” என்றார்.

21 ஜூலை, ஞாயிறு

புதன்கிழமை கருமாதி. பத்திரிகை அடித்தாயிற்று. போஸ்டரில் தோற்றம் என்று ஆதாரில் இருந்த ஜூன் 1ஐப் போட்டிருந்தோம். அது பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதி. அவர் பிறந்தது சித்திரபானு வருஷம், ஐப்பசி கடைசி நாள், கடைமுகம் அன்று. காவிரித் துலாக்கட்டத்தில் ஊரே முழுகிக்கொண்டிருக்க, அவருடைய அம்மாவுக்கு வலி கண்டதாம். “ஒரு நாள் தள்ளியிருந்தா முடவன் முழுக்கு. அதுக்கும் லேட்டா வந்தவன்னு பேர் வந்திருக்கும்.” கடைமுகத்துக்குப் பிந்தி வந்த முடவனுக்காக மறுநாள் நடப்பது முடவன் முழுக்கு. மகனுக்கு ஐயா பிறந்த இந்தக் கதையே தெரியாது. அம்மாதான் ஆமாம் என்று தலையாட்டினார். பத்திரிகையில் சித்திரபானு ஐப்பசி என்றே போட்டோம். எட்டு பாயிண்ட் எழுத்தில் அடங்காமல் வரி உடைந்தது. “தோற்றம்” என்பதை மேல்வரிக்கு ஏற்றி, இடைவெளியைப் பிரித்துவிட்டேன். வார்த்தைகளுக்கு நடுவே ஓட்டை விழக்கூடாது, அது அவர் சட்டம்.

2 ஆகஸ்ட், வெள்ளி

இறப்புச் சான்றிதழ் வந்திருக்கிறது. பெயரில் ‘ண’வுக்குப் பதில் ‘ன’. அம்மா கவனிக்கவில்லை, பென்ஷனுக்கு மனு எழுதித் தரச் சொல்லி நீட்டினார். இதை இப்படியே விட்டால் வங்கியில் பெயர் ஒத்துப்போகாது, அலையவிடுவார்கள். திருத்த மனு தட்டச்சு செய்து, ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு ஜெராக்ஸ் எடுத்து பின் அடித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போகிறேன். மனுவை அவர் ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். “உள்ளபடி-யா, உள்ளவாறு-வா?” என்று கேட்கிறார். இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தவர், சும்மாவா.