மூன்றரை வருட சாம்பியன்

போன கிழமை பரந்தனில் ஒரு வீட்டுக்கு வயரிங் வேலை. சீலிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒன்றரை அடிதான் இடைவெளி. என்னோடு வந்த தம்பி தோளை நுழைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது உங்கட சைஸ்" என்று ரோச் லைற்றை என்னிடம் நீட்டினான். நான் 5 அடி 3 அங்குலம். உள்ளே கவிழ்ந்து படுத்து வயரை இழுக்கிறபோதெல்லாம் எனக்கு மல்யுத்த வீரன் றே மிஸ்டீரியோ நினைவுக்கு வருவது பழக்கமாகிவிட்டது.

2002இல் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்தபிறகு எங்கட தர்மபுரத்துக்கு வந்து சேர்ந்த அரிய பொருட்களில் ரெஸ்லிங் கார்ட்சும் ஒன்று. விளையாட்டு லேசு. ஆளுக்குச் சமமாகப் பிரித்து, ஒருவன் "உயரம்" என்பான், அல்லது "எடை" என்பான். எவனுடைய அட்டையில் கூடவோ அவனுக்கு எல்லாம். பிக் ஷோ வைத்திருந்தவன் ராசா. 7 அடி, 500 இறாத்தல். மிஸ்டீரியோ அட்டை கையில் வந்தால் முகம் சுருங்கும். 5 அடி 6 அங்குலம், 175 இறாத்தல். எதைச் சொன்னாலும் தோல்விதான். வகுப்பில் வரிசையின் முதல் ஆளாக நின்று பழகிய எனக்கு அந்த அட்டையில் ஒரு ஒட்டுதல். ஒருமுறை அதை மீட்க மூன்று நல்ல அட்டைகளைக் கொடுத்தேன். இன்றைக்கும் அது நட்டமான வியாபாரம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மின்சாரம் கிடையாது. ஆளுக்கு 20 ரூபா போட்டு ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் வாங்கினால், ஒருவர் வீட்டு முற்றத்தில் ரி.வி வெளியே வரும். யாழ்ப்பாணத்து மச்சான் பஸ்சில் கொடுத்தனுப்பும் சிடிகளில்தான் அவன் பறப்பதைப் பார்த்தேன். மற்றவர்கள் வளையத்துக்குள் நடப்பார்கள். இவன் கயிற்றின்மேல் நடப்பான். மேல்கயிற்றில் கால் வைத்து, அது உதறுகிற வேகத்திலேயே குட்டிக்கரணம் போட்டு, எதிராளியின் தோளில் போய் உட்கார்ந்து, அவனையும் சுழற்றி எறிவான். மெக்சிக்கோவின் மல்யுத்தப் பழக்கம் அது. 14 வயதில், 1989இல், மாமனிடம் பழகித் திஜுவானாவில் இறங்கியவன். பெயரும் மாமனுடையதுதான். அங்கே முகமூடி என்பது மானம். தோற்று முகமூடி கழற்றினால் திரும்பப் போடக்கூடாது. அமெரிக்காவில் 1999இல் ஒரு கம்பனி அதையும் கழற்ற வைத்தது. சின்னப்பிள்ளை முகம். பார்க்கவே பாவமாக இருக்கும். 2002இல் வேறு கம்பனிக்கு மாறியபோது முகமூடியோடுதான் வந்தான்.

அவனுடைய கடைசி அடிக்குப் பெயர் 619. எதிராளி நடுக்கயிற்றில் கழுத்தைக் கொடுத்துத் தொங்குவான். இவன் எதிர்ப்பக்கம் ஓடிப்போய்த் திரும்பி வந்து, இரண்டு கயிற்றையும் பிடித்து, அவற்றுக்கு நடுவால் உடம்பைச் சுழற்றி இரண்டு காலாலும் முகத்தில் உதைப்பான். 619 அவன் ஊரான சான் டியாகோவின் தொலைபேசி இலக்கம். எங்களுக்கு 021 மாதிரி. ஆகவே நான் என்னுடைய அடிக்கு 021 என்று பெயர் வைத்தேன். வேப்பமரத்துக்கும் தென்னைக்கும் இடையில் அம்மாவின் உடுப்புக்கொடி. அதற்குக் கீழே மாட்டுக்கயிறு ஒன்றைக் கட்டி இரண்டாக்கினேன். தங்கச்சியின் தலையணைதான் எதிராளி. ஓடி வந்து பிடித்துச் சுழன்றேன். பாதிச் சுற்றில் கொடி அறுந்தது. நானும் இரண்டு சீலையும் ஒரு பெட்சீற்றும் சேற்றில். இடது மணிக்கட்டு போய்விட்டது. முறிவு நெரிவு வைத்தியர் பத்துக் கட்டியபடியே கேட்டார், "ஆரடா தம்பி உனக்கு இதைப் பழக்கினது?" சொன்னால் விளங்கவா போகிறது?

சரி, 2006க்கு வருவோம். அந்த வருடம் மச்சான் அனுப்பிய சிடியில் றோயல் றம்பிள். 30 பேர், ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். மேல்கயிற்றுக்கு மேலால் வெளியே வீழ்ந்து இரண்டு காலும் நிலத்தில் பட்டால் ஆட்டம் முடிந்தது. மிஸ்டீரியோ இரண்டாவதாக வந்து, 62 நிமிடம் நின்று, கடைசி ஆளாக மிஞ்சினான். சில மாதங்களுக்கு முன் இறந்துபோன நண்பன் எடி கரேரோவுக்காக விளையாடுவதாகச் சொன்னான். பிறகு வந்த சிடியில் ரெஸ்ல்மேனியா. ஏப்ரல் 2. கேர்ட் ஆங்கிளையும் றண்டி ஓர்ட்டனையும் ஒன்றாக எதிர்த்து, ஓர்ட்டனை அமத்திப் பிடித்து, உலக சாம்பியன் பட்டியைத் தூக்கினான். முற்றத்தில் நான் போட்ட கூச்சலுக்கு ஜெனரேற்றர் சத்தமே கேட்கவில்லை.

ஓகஸ்டில் ஏ9 பாதையின் முகமாலைச் சோதனைச்சாவடி மூடியது. அதற்குப் பிறகு சிடியும் இல்லை, மண்ணெண்ணெய் ரி.விக்கும் இல்லை. அடுத்த வருடங்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. தர்மபுரத்திலிருந்து கிழக்கே போன வழியில் அட்டைக்கட்டு எந்தப் பங்கருக்குள் தவறியதோ தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். பங்கருக்குள் தங்கச்சி அழுகிறபோது, சாம்பியன் இப்ப எந்த ஊரில் ஆரை அடிக்கிறான் என்று நான் கதை கட்டுவேன். பட்டி எப்போதும் அவன் இடுப்பில்தான்.

2010 பொங்கல் முடிந்து, முகாமை விட்டு வந்து வவுனியாவில் பெரியம்மா வீட்டில் இருந்தோம். அங்கே கேபிள். ஒரு இரவு மச்சானோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன், மிஸ்டீரியோ வளையத்துக்கு வருகிறான், இடுப்பில் பட்டி இல்லை.

"பட்டி எங்க மச்சான்?"

"எந்தப் பட்டி?"

"2006இல எடுத்தது."

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அதை அந்த வருசமே புக்கர் ரீட்ட விட்டிட்டான். யூலையில."

112 நாள். முகமாலை மூடுவதற்குக் கிட்டத்தட்ட மூன்று கிழமைக்கு முன்னமே தோற்றிருக்கிறான். செய்திதான் எங்கள் பக்கம் வரவில்லை. 2010 ஜூனில் திரும்பவும் எடுத்தான், ஒரு மாதம்கூட நிற்கவில்லை. 2011இல் வேறொரு பட்டியை வென்று, அன்றிரவே ஜோன் சீனாவிடம் விட்டான். எல்லாம் சேர்த்தாலும் ஐந்து மாதம் வராது. நான் வைத்திருந்த கணக்கில் மூன்றரை வருடத்துக்கும் மேல்.

முடிவெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள் என்பதையும் மச்சான்தான் அன்றைக்கு ஒரேயடியாகச் சொல்லித் தீர்த்தான். எனக்கு அது பெரிய ஏமாற்றமாகப் படவில்லை. யார் வெல்வது என்று எழுதலாம். முழங்கால் நிலத்தில் மோதுவதை யார் எழுதுவது? அந்த மனிதன் முழங்காலில் எத்தனையோ தடவை கத்தி வைத்தாயிற்று. ஏணியில் ஏறி இறங்கி எனக்கே இப்போது இரவில் குடைகிறது.

மகனுக்கு எட்டு வயது. அவனுக்குப் பிடித்தது மிஸ்டீரியோவின் மகன் டொமினிக்கை. தகப்பனைக் கண்டபடி பேசுகிறவனைத்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் போல. 2023 ரெஸ்ல்மேனியாவில் தகப்பனும் மகனும் மோதியதைப் போனில் நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். 48 வயதில் தகப்பன் வென்றார். மகன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தான்.

ஞாயிறு பின்னேரம் பார்க்கிறேன், கொடிக்குக் கீழே இன்னொரு கயிறு கட்டியிருக்கிறது. தலையணையும் வந்துவிட்டது. நான் வாய் திறக்க முதல் திண்ணையில் இருந்த அம்மா எழும்பினா.

"முதல்ல அந்தச் சீலையளை எடுத்து உள்ளுக்கு வையடா."